பாதி கோரை அணைத்துவிட்டு ஓர் ஒப்பீடு: 2018 அக்டோபரின் இன்டெல் – ஏஎம்டி பெஞ்ச்மார்க் விவகாரம்

2018 அக்டோபர் 8 அன்று நியூயார்க்கில் இன்டெல், ‘கோர்’ என்ற பெயரில் விற்கும் தன் கணினிச் செயலிகளின் (கணினியின் மூளையான சில்லுகள்) ஒன்பதாம் தலைமுறையை அறிவித்தது. அந்த வரிசையில் முதலிடம் கோர் ஐ9-9900கே-க்கு: 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் அலகுகள்), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்), அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 5.0 கிகாஹெர்ட்ஸ், பட்டியல் விலை 488 டாலர். ‘உலகின் மிகச் சிறந்த கேமிங் செயலி’ என்ற வாசகத்தோடு அதை மேடையேற்றினார்கள். முன்பதிவும் அன்றே தொடங்கியது. வாசகத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் உள்ள பிரின்சிபிள்டு டெக்னாலஜீஸ் என்ற சோதனை நிறுவனத்தின் அறிக்கை. இன்டெல் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேகச் சோதனை (பெஞ்ச்மார்க்) அது. அதை இரு தரப்பும் மறைக்கவில்லை, அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

மொத்தம் 19 கேம்கள். எல்லாக் கணினியிலும் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ரேம், 1080பி திரை அளவு. எதிர்த்தரப்பில் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ். அதுவும் 8 கோர், 16 த்ரெட் செயலிதான். 2018 ஏப்ரலில் 329 டாலருக்கு வெளிவந்தது. கூடவே ஏஎம்டியின் பெரிய த்ரெட்ரிப்பர் செயலிகளும் இன்டெலின் பழைய செயலிகளும் இருந்தன. அறிக்கையின் எண்களைப் பார்த்தால் சில கேம்களில் 9900கே, 2700எக்ஸை 50 சதவீதம் வரை முந்தியது. செய்தித் தளங்கள் சில அந்த 50-ஐ அப்படியே தலைப்பில் போட்டன.

செயலிகளைத் தொடர்ந்து சோதித்து வந்தவர்களுக்கு அந்த எண் உடனே உறுத்தியது. இன்டெலின் முந்தைய கோர் ஐ7-8700கே, கேம்களில் 2700எக்ஸை விட வேகமானது என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் கட்டமைப்பில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதுச் செயலி, இரண்டு கோரையும் கொஞ்சம் கடிகார வேகத்தையும் கூட்டிக்கொண்டு வந்ததாலேயே இடைவெளி இவ்வளவு விரியாது. 9900கே-யின் எண் மிகைப்பட்டிருக்க வேண்டும், அல்லது 2700எக்ஸின் எண் குறைந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் நடந்திருந்தது.

அறிக்கையில் சோதனைப் படிகளை விரிவாக எழுதியிருந்தார்கள். ஏஎம்டி கணினிகள் அனைத்திலும் ரைசன் மாஸ்டர் என்ற ஏஎம்டியின் சொந்த மென்பொருளை நிறுவி, அதில் ‘கேம் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெயரைப் பார்த்தால் கேம் சோதனைக்குப் பொருத்தமாகத்தான் தெரியும். கோளாறு அங்கேதான்.

கேம் மோட் பிறந்தது த்ரெட்ரிப்பருக்காக. 2017-இல் வந்த முதல் த்ரெட்ரிப்பரில் ஒரே உறைக்குள் இயங்கும் சிலிக்கான் துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ரேம் கட்டுப்படுத்தி. ஒரு துண்டில் ஓடும் கோர், அடுத்த துண்டோடு இணைந்த ரேமில் இருக்கும் தரவைக் கேட்டால் அது வந்துசேரக் கூடுதல் நேரம் பிடிக்கும். வீடியோ ரெண்டரிங் போன்ற வேலையில் அந்தத் தாமதம் கரைந்துபோகும். கேமில் கரையாது, ஃபிரேமுக்கு ஃபிரேம் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு படத்திலும்) வெளியே தெரியும். இதோடு, சில பழைய கேம்கள் த்ரெட் எண்ணிக்கை அளவுக்கு மிஞ்சிப் போனால் தொடங்கவே மறுத்தன. இரண்டுக்கும் சேர்த்து ஏஎம்டி கொடுத்த மருந்துதான் கேம் மோட். அது கோர்களில் ஒரு பகுதியை விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ரேம் அணுகலையும் அருகிலுள்ள ரேமுக்கே முன்னுரிமை தரும்படி மாற்றும். 16 கோர் 2950எக்ஸ் 8 கோராகும். 32 கோர் 2990டபிள்யூஎக்ஸும் 8 கோராகும். எட்டு கோர் ஒரு கேமுக்குத் தாராளம் என்பதால் த்ரெட்ரிப்பரில் இந்த மாற்றம் பல நேரம் லாபம்.

2700எக்ஸில் நிலைமை வேறு. அதில் இருப்பது ஒரே சிலிக்கான் துண்டு, ஒரே இடத்தில் ரேம் கட்டுப்படுத்தி. தூர ரேம், அருகு ரேம் என்ற பேச்சே இல்லை. 16 த்ரெட்டைக் கண்டு எந்தக் கேமும் மிரளவும் இல்லை. ஆக, கேம் மோட் தரும் நன்மை இரண்டில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தாது. மிஞ்சுவது நட்டம் மட்டுமே: 8 கோர் 4 கோராகும், 16 த்ரெட் 8 த்ரெட்டாகும். 488 டாலர் எட்டு கோர் செயலியை, பாதி கோர் அணைந்த போட்டிச் செயலியோடு ஓடவிட்டு எடுத்த எண்தான் அந்த 50 சதவீதம். படிப்பவருக்கோ ‘ரைசன் 7 2700எக்ஸ்’ என்ற முழுப்பெயர்தான் வரைபடத்தில் தெரிந்தது.

இந்தப் பிழை எல்லாக் கேமிலும் ஒரே அளவில் வெளிப்படாது, அதுதான் இதன் அடையாளம். கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற பழைய எஞ்சினில் ஓடும் கேம்கள் ஓரிரு த்ரெட்டிலேயே பெரும்பாலான வேலையை முடித்துக்கொள்ளும். அவற்றில் நான்கு கோரை எடுத்துவிட்டாலும் ஃபிரேம் எண்ணிக்கை அதிகம் அசையாது. ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி, அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ் போன்றவை கிடைக்கிற கோரையெல்லாம் தின்பவை. நான்கு கோரை எடுத்ததும் சரிந்துவிடும். ஒரு ஒப்பீட்டில் சில கேம்களில் இடைவெளி சாதாரணமாகவும், அதிக த்ரெட் கேட்கும் கேம்களில் மட்டும் பெரிதாகவும் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கோர் எண்ணிக்கையை. கடிகார வேகத்தில் உள்ள வித்தியாசம் இப்படித் திட்டுத்திட்டாக வராது, செயலி தடையாக இருக்கும் கேம்கள் அனைத்திலும் ஏறக்குறையப் பரவலாக வரும்.

கேம் மோட்தான் பெரிய பிழை. ஆனால் அது ஒன்று மட்டுமில்லை.

கூலரை எடுத்துக்கொள்வோம். இன்டெல் செயலிகளுக்கு நாக்டுவா என்எச்-யு14எஸ் மாட்டியிருந்தார்கள். 140 மிமீ விசிறியுள்ள, உயரமான கோபுர வகைக் கூலர், தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது. 2700எக்ஸுக்கு அதன் பெட்டியிலேயே வரும் ரெய்த் பிரிசம். சோதனை நிறுவனம் சொன்ன காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு: ஏஎம்டி கூலரோடு விற்கிறது, 9900கே கூலர் இல்லாமல் வருகிறது. ஆனால் 2700எக்ஸ் வெப்பத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் செயலி. குளிர்ச்சியாக இருந்தால் சற்று மேலே நிற்கும், சூடேறினால் இறங்கும். சிறந்த கூலரால் கிடைத்திருக்கக்கூடிய லாபம் சில சதவீதத்தைத் தாண்டியிராது. இருந்தாலும் ‘செயலியைச் செயலியோடு ஒப்பிடுகிறோம்’ என்று சொல்லும் சோதனையில் கூலர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ‘கடையில் கிடைப்பதை அப்படியே ஒப்பிடுகிறோம்’ என்றால் நாக்டுவாவின் விலையையும் 9900கே பக்கம் ஏற்றியிருக்க வேண்டும். இரண்டில் எந்த விதி என்று முடிவு செய்யாமல் நடுவில் நின்றதுதான் குறை.

ரேம் விஷயம் இதைவிட நுட்பமானது. நான்கு 16 ஜிபி பட்டைகள், ஆக 64 ஜிபி. 2018-இல் கேம் விளையாடுபவரின் கணினியில் வழக்கமாக இருந்தது இரண்டு 8 ஜிபி பட்டைதான். ரைசனில் ரேம் வேகம் வெறும் ரேம் வேகமாக நிற்பதில்லை. செயலிக்குள் கோர் குழுக்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் பாதையின் கடிகாரம் ரேமின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. டிடிஆர்4-2933 என்றால் ஃபேப்ரிக் சுமார் 1466 மெகாஹெர்ட்ஸ், 3200 என்றால் 1600. நான்கு பட்டைகளைச் சுமத்தினால் முதல் இரண்டு தலைமுறை ரைசனின் ரேம் கட்டுப்படுத்தி திணறும். அதிக வேகத்தில் நிலையாக ஓட வேண்டுமானால் டைமிங்கை (ரேம் பதில் தரும் முன் காத்திருக்கும் அளவு) தளர்த்த வேண்டியிருக்கும்.

டைமிங் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். சிஎல் எண்ணை (ரேம் காத்திருக்கும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை) 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேக எண்ணால் வகுத்தால் நானோவினாடியில் தாமதம் கிடைக்கும். டிடிஆர்4-3200 சிஎல்14 என்றால் 8.75 நானோவினாடி. டிடிஆர்4-2933 சிஎல்21 என்றால் 14.3. பெட்டியில் உள்ள வேக எண்ணை மட்டும் பார்த்தால் எட்டு சதவீத வித்தியாசம் போலத் தெரியும், தாமதத்தில் அது அறுபது சதவீதத்துக்கும் மேல். ரைசனின் முதல் இரண்டு தலைமுறைகள் கேம்களில் இந்தத் தாமதத்தால்தான் அதிகம் அடிவாங்கின. அதனால் எந்த ரைசன் ஒப்பீட்டிலும் ரேமின் வேகத்தை மட்டும் எழுதி, சிஎல் எண்ணையும் பட்டைகளின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டால் அது பாதித் தகவல்தான்.

சரியாகச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 1080பி அளவில் மிக வேகமான கிராஃபிக்ஸ் கார்டை வைத்துச் சோதித்தது சரியான முறை. கார்டு தடையாக நின்றால் செயலிகளின் வித்தியாசம் மறைந்துவிடும். ஒவ்வொரு கேமையும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுத்ததும் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்பதுவரை அறிக்கையில் எழுதி வைத்தார்கள். இன்டெலுக்காகக் கள்ளக் கணக்கு எழுத நினைத்தவர்கள் ‘ரைசன் மாஸ்டரில் கேம் மோடைத் தேர்ந்தெடு’ என்று தங்கள் கையாலேயே எழுதி வெளியிட்டிருக்க மாட்டார்கள். த்ரெட்ரிப்பருக்குப் பொருந்திய ஒரு அமைப்பை, ‘ஏஎம்டி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று 2700எக்ஸுக்கும் நீட்டியதுதான் நடந்தது. பின்னர் அவர்கள் கொடுத்த விளக்கமும் அதையேதான் சொன்னது. வேண்டுமென்றே செய்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை ஒருமுறை திறந்திருந்தால் ‘கோர்: 4’ என்ற வரி கண்ணில் பட்டிருக்கும். பெஞ்ச்மார்க் துறையில் அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அதைப் பார்க்காமல் விட்டது மன்னிக்கக் கடினமான கவனக்குறைவு.

இந்த விவகாரத்தின் மையம் தேதிகளில் இருக்கிறது. அறிவிப்பும் முன்பதிவும் அக்டோபர் 8. சுதந்திர விமர்சகர்கள் தங்கள் சோதனை முடிவை வெளியிடலாம் என்று இன்டெல் அனுமதித்த நாள் அக்டோபர் 19. செயலியைக் கையில் வைத்திருந்த விமர்சகர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வாய் திறக்க முடியாது. வாங்குபவர் பணம் கட்டலாம், பார்க்கக் கிடைக்கும் எண் இன்டெல் காசில் வந்த எண் மட்டும். இந்தப் பதினொரு நாள் இடைவெளி இல்லாமல் இருந்திருந்தால் இதே பிழை அரை நாள் செய்தியாக முடிந்திருக்கும்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதுதான் இந்த வழக்கில் எல்லோரும் கற்றுக்கொள்ளத்தக்க பகுதி. 9900கே பற்றி எதுவும் பேச முடியாது. ஆனால் அறிக்கையில் இருந்த மற்றச் செயலிகள், அதாவது 2700எக்ஸும் 8700கே-யும், கடையில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவை. அவற்றைச் சோதிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு சேனலை நடத்தும் ஸ்டீவ் வால்டன், தன்னிடம் இருந்த அந்தச் செயலிகளின் எண்களை எடுத்து அறிக்கையோடு ஒப்பிட்டார். 2700எக்ஸ் அறிக்கையில் இருந்ததை விடத் தெளிவாக மேலே நின்றது. தடை விதிக்கப்பட்ட பொருளைத் தொடாமலேயே, ஒப்பீட்டின் மறுபக்கத்தைச் சரிபார்த்து ஒட்டுமொத்தக் கூற்றையும் அசைத்துவிட்டார். புதுப் பொருளைப் பற்றிய எந்த விளம்பரக் கூற்றிலும் பழைய பொருள் ஒன்று ஒப்பீட்டுக்கு நிற்கும். அதன் எண்ணை யாரும் சோதிக்கலாம்.

அடுத்த நகர்வு கேமர்ஸ் நெக்சஸ் தளத்தின் ஸ்டீவ் பர்க்குடையது. அவரும் வட கரோலினாக்காரர். கேமராவோடு நேராக டர்ஹம் அலுவலகத்துக்கே போய்விட்டார். நிறுவனத்தை இணைந்து தொடங்கியவர்களில் ஒருவரான பில் கேட்சிங்ஸ் உட்கார்ந்து பதில் சொன்னார். முன்னறிவிப்பில்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பாமல், சோதனை முறையை ஒவ்வொன்றாக விவாதித்தது பாராட்டத்தக்கது. சில நாட்களிலேயே 2700எக்ஸை எல்லாக் கோரும் இயங்கும் கிரியேட்டர் மோடில் மறுபடி சோதித்து, திருத்திய அறிக்கையை வெளியிட்டார்கள். ஏஎம்டியின் எண்கள் ஏறின, 9900கே-யின் முன்னிலை சுருங்கியது. சுருங்கினாலும் முன்னிலை இருந்தது. அக்டோபர் 19 வந்த பிறகு சுதந்திர விமர்சனங்களும் அதையே காட்டின: கேம்களில் 9900கே அன்றைய தேதிக்கு முதலிடம்தான்.

அதனால்தான் இந்த விவகாரம் இன்னும் வருத்தம் தருகிறது. இன்டெலின் அடிப்படைக் கூற்று உண்மை. இருபது சதவீதத்துக்கும் குறைவான நேர்மையான முன்னிலையைக் காட்டினாலே, வேகம் மட்டுமே வேண்டும் என்பவர்கள் வாங்கியிருப்பார்கள். கெடுத்தது அளவு. 488 டாலர் என்பது 329-ஐ விட 48 சதவீதம் அதிகம். வேகமும் 50 சதவீதம் அதிகம் என்றால் கொடுக்கிற காசுக்கு ஈடான பண்டம் என்று மனம் கணக்குப் போடும். முன்னிலை அதில் ஒரு பங்குதான் என்று தெரிந்தால் அதே மனம், மிஞ்சும் 159 டாலரைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடலாமா என்று யோசிக்கும். எந்தச் செயலி வேகமானது என்பதில் பொய் இல்லை, எதை வாங்குவது என்ற முடிவைத்தான் அந்த எண் திரித்தது.

இன்டெலின் பதிலைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனை நிறுவனத்தின் முடிவுகள் தங்கள் சொந்த ஆய்வகத்தில் கண்டவற்றோடு ஒத்துப்போகின்றன என்று இன்டெல் அறிக்கை விட்டது. இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. ஒத்துப்போகின்றன என்றால், இன்டெல் ஆய்வகத்திலும் 2700எக்ஸ் பாதி கோரில் ஓடியதா? முழுக் கோரில் ஓடியிருந்தால் எண்கள் எப்படி ஒத்துப்போகும்? போட்டியாளரின் செயலியைத் தினமும் பிரித்துப் பார்க்கும் நிறுவனம் அது. 2700எக்ஸ் எவ்வளவு ஓடும் என்று இன்டெலைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஏஎம்டியில்தான் இருப்பார்கள். வெளியாரிடம் சோதனையை ஒப்படைப்பது பொறுப்பையும் சேர்த்து ஒப்படைப்பதாகாது. மேடையில் எண்ணை எடுத்துப் போட்டவர் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். பிரின்சிபிள்டு டெக்னாலஜீஸ் தன் பிழையைத் திருத்தியது. இன்டெலின் பங்கு அதைவிடப் பெரிது என்பதே எங்கள் முடிவு.

அதே ஆண்டு ஜூனில் தைப்பேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியையும் சேர்த்துப் பார்த்தால் இது தனித்த சம்பவமாகத் தோன்றாது. 28 கோர் செயலி ஒன்று 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாக இன்டெல் மேடையில் காட்டியது. சினிபெஞ்ச் ஆர்15 என்ற வேகச் சோதனையில் 7334 புள்ளி. மேசைக்கு அடியில் இருந்ததை மேடையில் சொல்லவில்லை: ஒரு குதிரைத்திறன் கொண்ட தண்ணீர் குளிரூட்டி, மீன் தொட்டிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் விற்கப்படும் ஹைலியா வகை. அறை வெப்பநிலைக்கும் கீழே தண்ணீரைக் குளிர்வித்து, செயலியை ஓவர்கிளாக் செய்திருந்தார்கள், அதாவது அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டியிருந்தார்கள். பத்திரிகையாளர்கள் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு, ஓவர்கிளாக் என்று சொல்ல மறந்துவிட்டோம் என்றது இன்டெல். அந்தச் செயலி ஜியான் டபிள்யூ-3175எக்ஸ் என்ற பெயரில் அதே அக்டோபர் 8 மேடையில் அறிவிக்கப்பட்டு, 2019 தொடக்கத்தில் 2999 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.3.

ஏஎம்டி இதில் பாதிக்கப்பட்ட தரப்பு, என்றென்றும் அப்பாவித் தரப்பல்ல. 2024 கம்ப்யூடெக்ஸின்போது ஏஎம்4 என்ற பழைய மதர்போர்டு வகைக்காக ரைசன் 7 5800எக்ஸ்டி, ரைசன் 9 5900எக்ஸ்டி என்ற இரு செயலிகளை அறிவித்து, கேம்களில் அவை இன்டெலின் ஐ5-13600கேஎஃப், ஐ7-13700கே ஆகியவற்றுக்குச் சமம் அல்லது சற்று மேல் என்று வரைபடம் காட்டியது. அடிக்குறிப்பைப் படித்தவர்கள் காரணத்தைக் கண்டுகொண்டார்கள்: சோதனைக்கு வைத்த கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600. அது நடுத்தரத்துக்கும் கீழான கார்டு. வினாடிக்கு 80 ஃபிரேமுக்கு மேல் கார்டால் வரைய முடியாது என்று வைத்துக்கொண்டால், 100 ஃபிரேம் தரவல்ல செயலியும் 80 தான் காட்டும், 140 தரவல்லதும் 80 தான் காட்டும். குறுகிய வாசல் வழியே இருவரை அனுப்பிவிட்டு இருவர் நடையும் ஒரே வேகம் என்று சொல்வதைப் போன்றது இது. 2018-இல் எதிராளியை மெலிய வைத்து இடைவெளியைப் பெரிதாக்கினார்கள், 2024-இல் தடையை நடுவில் வைத்து இடைவெளியை அழித்தார்கள். இரண்டிலும் அளந்த எண் ஒவ்வொன்றும் உண்மையாக அளந்த எண்தான்.

நீதிமன்றம் வரை போனவையும் உண்டு, பலன் மெல்லியது. பெண்டியம் 4 விற்பனைக்கு வந்த காலத்து பெஞ்ச்மார்க் கூற்றுகள் குறித்து அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு 2014-இல்தான் சமரசத்தில் முடிந்தது. 2000 நவம்பர் 20 முதல் 2001 முடிய அந்தக் கணினியை வாங்கியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். இன்டெல் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசை ‘எட்டு கோர்’ வழக்கு 2015-இல் தொடங்கி 2019-இல் 1.21 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இரண்டிரண்டு கோர் ஒரே மிதவைப் புள்ளிக் கணக்கு அலகை (தசம எண்களைக் கணக்கிடும் பகுதி) பகிர்ந்துகொள்ளும் வடிவமைப்பை எட்டு கோர் என்று விற்கலாமா என்பது அங்கே கேள்வி. பதினொரு நாளில் எடுக்கும் வாங்கும் முடிவுக்குப் பத்தாண்டு கழித்து வரும் 15 டாலர் எந்த வகையிலும் பாதுகாப்பில்லை. பார்த்து வாங்குபவரே தன் கையால் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சரிபார்க்கும் முறை கடினமில்லை. அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, திரை அளவு, கேமின் தர அமைப்பு, ரேமின் வேகமும் சிஎல் எண்ணும் பட்டை எண்ணிக்கையும், கூலர், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, ஏதேனும் மென்பொருள் மோட். இவற்றில் எது இல்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘வரை’ என்ற சொல் சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அது பட்டியலிலேயே உச்ச எண், சராசரி அல்ல. சதவீதம் எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிடப்பட்டது என்றும் பாருங்கள். 150-க்கு 100 என்றால் முன்னவர் 50 சதவீதம் வேகம், ஆனால் பின்னவர் 33 சதவீதம்தான் மெதுவு. எது பெரிதாகத் தெரிகிறதோ அதைத்தான் விளம்பரம் எடுக்கும்.

ஒப்பீட்டில் உள்ள செயலி உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால் நேரடியாகவே ஓட்டிப் பார்க்கலாம். முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து கோர், லாஜிக்கல் பிராசசர் எண்ணிக்கை இரண்டையும் பாருங்கள். 2700எக்ஸில் 8, 16 என்று இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ரைசன் மாஸ்டரில் கிரியேட்டர் மோடுக்கு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். மென்பொருளை நீக்கினாலே சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸின் துவக்க அமைப்பில் பிராசசர் எண்ணிக்கைக் கட்டுப்பாடு தங்கிவிட்டால், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் அந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்தால்தான் கோர்கள் திரும்பும்.

அடுத்து, வன்பொருள் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கம். அங்கே காட்டும் அலைவரிசை ரேமின் பெயரில் உள்ள எண்ணில் பாதியாக இருக்கும். 3200 ரேமுக்கு 1600 அருகில் காட்ட வேண்டும், 1066 அல்லது 1200 காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெயரில் உள்ள வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) போடவில்லை என்று பொருள். அதே பக்கத்தில் சிஎல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்டெல் பக்கத்தில் பார்க்க வேண்டியது மின் வரம்பு. 9900கே-யின் அறிவிக்கப்பட்ட மின் அளவு 95 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பைத் தளர்த்தியே விற்பனைக்கு வந்தன. எல்லாக் கோரும் முழு வேகத்தில் ஓடினால் செயலி மட்டுமே 160 வாட்டைத் தாண்டும். மல்டி-கோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற பயாஸ் அமைப்பு இயங்கினால் அது ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் செயலியின் மின் அளவையும் கோர்களின் வேகத்தையும் சோதனை முழுக்கப் பதிவுசெய்தால் இது மறையாது.

கேமை ஓட்டும்போது கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் கவனியுங்கள். 97 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் நீங்கள் அளப்பது கார்டை. திரை அளவை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் கார்டுதான் தடை, ஏறாமல் அப்படியே நின்றால் செயலிதான் தடை. முதல் ஓட்டத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், ஷேடர் தொகுப்பும் (காட்சி வரையும் நிரல்களைத் தயாரிப்பது) கோப்பு ஏற்றமும் அதில் கலந்திருக்கும். பிறகு குறைந்தது மூன்று ஓட்டம், நடு எண். சராசரியோடு மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எண்ணையும் எழுதுங்கள். கோர் பற்றாக்குறை சராசரியில் தெரிவதற்கு முன் அங்கேதான் தெரியும். நான்கு கோரில் ஓடும் 2700எக்ஸ் சராசரியில் ஓரளவு தாக்குப்பிடித்தாலும் கூட்டம் நிறைந்த காட்சிகளில் அந்த எண் மட்டும் குப்புற விழும்.